350 ரூபாய்க்கு அரைநாள் பாதுகாப்புப் பயிற்சி: களியக்காவிளையிலிருந்து ஒரு மதிப்பீடு

தமிழ்நாடு-கேரள எல்லையில் இருக்கும் களியக்காவிளையில், பேருந்து நிலையத்துக்கு எதிரே பன்னிரண்டு ஆண்டுகளாக நான் சிறிய ஸ்டேஷனரிக் கடை ஒன்றை நடத்தி வருகிறேன். எங்கள் வியாபாரிகள் சங்கத்தின் ஏற்பாட்டில், தனியார் பாதுகாப்புப் பயிற்சி நிறுவனம் ஒன்று சென்ற மாதம் இங்குள்ள கல்யாண மண்டபத்தில் அரைநாள் வகுப்பு நடத்தியது. பயங்கரவாத மிரட்டல்களைப் பொதுமக்கள் எப்படி அடையாளம் காண்பது, கண்டால் என்ன செய்வது என்பதே பொருள். ஆளுக்கு 350 ரூபாய் கட்டணம்; அதில் சாயா, பழம்பொரி, ஒரு கையேடு, பெயர் எழுதிய சான்றிதழ் ஆகியவை அடக்கம். குறைகளையும் எழுதப்போவதால் நிறுவனத்தின் பெயரைத் தவிர்க்கிறேன். வேறு ஊர்ச் சங்கங்களும் இதே வகுப்பை ஏற்பாடு செய்ய யோசிப்பதாகக் கேள்விப்பட்டதால், அவர்களுக்கு உதவும் என்றே இதை எழுதுகிறேன்.

எனக்கு இந்த வகுப்பு ஏன் தேவைப்பட்டது என்பதை முதலில் சொல்ல வேண்டும். எங்கள் கடை வாசல், சொல்லாமலே ஒரு பொருள் வைப்பறையாகிவிட்டது. நெய்யாற்றின்கரைக்கும் திருவனந்தபுரத்துக்கும் போகிறவர்கள், மார்த்தாண்டம் பக்கம் திரும்புகிறவர்கள், சந்தைக்கு மீன் வாங்க வருகிறவர்கள் என்று நாளொன்றுக்குப் பத்துப் பேராவது, "சேச்சி, இது இங்க இருக்கட்டு, இப்ப வராம்" என்று பையை வைத்துவிட்டுப் போவார்கள். மறுப்பது மரியாதையில்லை என்பதால் நானும் தலையாட்டிவிடுவேன். ஆனால் 2020 ஜனவரி 8 அன்று இரவு, இதே ஊரின் சோதனைச் சாவடியில் பணியிலிருந்த சிறப்பு உதவி ஆய்வாளர் வில்சனை இருவர் சுட்டுக் கொன்ற பிறகு, அந்தத் தலையாட்டலில் ஒரு நெருடல் சேர்ந்துகொண்டது. ஆறு நாளில் அந்த இருவரும் கர்நாடகத்தின் உடுப்பி ரயில் நிலையத்தில் பிடிபட்டார்கள். வழக்கு தேசியப் புலனாய்வு முகமைக்கு மாறியது. அன்றைக்குப் பிறகு சில மாதங்கள் எல்லோரும் எல்லோரையும் உற்றுப் பார்த்தோம். எதைப் பார்க்க வேண்டும் என்று மட்டும் எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

பயிற்சியாளர்கள் இருவர். மூத்தவர் காவல்துறையின் வெடிகுண்டு செயலிழப்புப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். இளையவர் நிறுவனத்தின் ஊழியர். மூத்தவர் பேசிய பகுதிக்கு மட்டும் தனியாக 350 ரூபாய் கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பேன். கேட்பாரற்றுக் கிடக்கும் பொருளைக் கண்டால் கேட்டுக்கொள்ள வேண்டிய மூன்று கேள்விகளை அவர் முதலில் வைத்தார். பிரிட்டனின் ரயில் நிலையங்களில் பழக்கத்துக்கு வந்த முறை இது என்றும் சொன்னார். அந்தப் பொருள் வேண்டுமென்றே மறைத்து வைக்கப்பட்டிருக்கிறதா? கம்பி, பேட்டரி, சுற்றிய டேப், கசியும் திரவம், விபரீதமான வாடை என்று பார்த்தவுடன் உறுத்தும் ஏதேனும் அதில் இருக்கிறதா? அந்த இடத்தில் வழக்கமாகக் காணக்கூடிய பொருள்தானா? மறந்துவிட்டுப் போன பை பெரும்பாலும் நடைபாதையிலோ இருக்கையிலோ எல்லோர் கண்ணிலும் படும்படியே கிடக்கும், யாரும் அதை ஒளித்துவைத்து மறப்பதில்லை என்று அவர் விளக்கியபோது, என் கடை வாசலில் கிடக்கும் பைகளில் நூற்றுக்கு நூறும் அந்த வகைதான் என்பது புரிந்து கொஞ்சம் நிம்மதியடைந்தேன்.

ஆனால் அந்த நிம்மதியை அவர் நீடிக்கவிடவில்லை. 2016 ஜூன் 15 அன்று கொல்லம் கலெக்டரேட் வளாகத்தில், பயன்படுத்தாமல் நிறுத்தியிருந்த ஒரு ஜீப்பில் வைத்த குண்டு வெடித்ததையும், அவ்வழக்கில் மூவருக்கு 2024 நவம்பரில் ஆயுள் தண்டனை கிடைத்ததையும் சொல்லி, உங்கள் தெருவில் யாரும் தொடாத இடங்கள் எவையெவை என்று கேட்டார். சங்கச் செயலாளர் உடனே எண்ண ஆரம்பித்துவிட்டார்: பழுதான மின்மாற்றிக்குப் பின்புறம், கழிப்பறைச் சுவரின் இடுக்கு, மாதக்கணக்கில் நிற்கும் ஒரு டெம்போ. அந்த டெம்போ யாருடையது என்பது அன்றுவரை எங்களில் ஒருவருக்கும் தெரியாது. அதற்கு மாறாக, கூட்டத்துக்கு நடுவிலேயே பையை விட்டுப்போவதும் நடக்கும் என்பதற்கு, 2024 மார்ச் 1 அன்று பெங்களூரு ராமேஸ்வரம் கஃபேயில் நடந்ததை எடுத்துச் சொன்னார். வந்தவர் ரவா இட்லிக்கு டோக்கன் வாங்கினார். பையை விட்டுவிட்டு வெளியேறினார். ஏறத்தாழ ஒரு மணி நேரம் கழித்து அது வெடித்தது. உயிரிழப்பு இல்லை என்றாலும் பலர் காயமடைந்தார்கள். அந்த ஒரு மணி நேரத்தில் "இது யாருடைய பை?" என்று ஒருவர் சத்தமாகக் கேட்டிருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதை மட்டும் யோசித்துப் பாருங்கள் என்று சொல்லி அடுத்ததற்குப் போய்விட்டார். கதையை நீட்டாத அந்த அடக்கம் எனக்குப் பிடித்திருந்தது.

செய்யக்கூடாதவை பற்றிய பகுதி சுருக்கமானது, ஆனால் கறாரானது. தொடக்கூடாது, அசைக்கக்கூடாது, திறந்து பார்க்கக்கூடாது, தண்ணீர் ஊற்றவோ மணல் மூட்டையால் மூடவோ கூடாது, தூக்கிக்கொண்டு வெளியே ஓடக்கூடாது, அருகில் நின்று செல்பேசியில் பேசக்கூடாது. பேசுவதற்குக் குறைந்தது 15 மீட்டர் விலக வேண்டும். மக்களை விலக்கும் தூரத்துக்கும் பிரிட்டன் காவல்துறையின் கணக்கையே சொன்னார்: கைப்பை அளவுள்ள பொருளென்றால் 100 மீட்டர், கார் என்றால் 200, லாரி என்றால் 400. இதைக் கேட்டதும் மீன் வியாபாரி ஒருவர் எழுந்து, "சார், நானூறு மீட்டர் தள்ளி நின்னா பாதிப் பேரு கேரளத்துல நிப்போம்" என்றார். எல்லோரும் சிரித்தோம். ஆனால் அது வேடிக்கைக்காகக் கேட்ட கேள்வி அல்ல. சாலையை எந்த மாநிலக் காவலர் மறிப்பார், அந்தப் பக்கத்துக் கடைக்காரருக்கு யார் சொல்வது என்பதற்குப் பயிற்சியாளரிடம் பதில் இல்லை. எல்லையில் வகுப்பு எடுக்க வருகிறவர்கள் இதற்கு ஆயத்தமாக வந்திருக்க வேண்டும்.

வகுப்பின் உயிரான பகுதி இடைவேளைக்குப் பிறகு வந்தது. சாயா கொடுத்துக்கொண்டிருந்த நேரத்தில் ஓர் இளைஞர் தண்ணீர் கேனுடன் உள்ளே வந்து, அதை மேசைமேல் வைத்துவிட்டு, தோளில் தொங்கிய கறுப்புப் பையை அடுக்கிய பிளாஸ்டிக் நாற்காலிகளுக்குப் பின்னால் செருகிவிட்டு வெளியேறியிருக்கிறார். இருபது நிமிடம் கழித்து, "இந்த மண்டபத்துக்குள் புதிதாக வந்தவர் யார், என்ன செய்தார்?" என்று மூத்தவர் கேட்டபோது, இருந்த நாற்பத்தாறு பேரில் ஏழு பேர்தான் கை தூக்கினோம். நான் பச்சைச் சட்டை என்றேன், அது வெளிர்நீலம். ஒருவர் தாடி இருந்தது என்றார், இல்லை. மூன்று பேர் சற்றும் தயங்காமல் "வடக்கன் பையன்" என்றார்கள். அந்த இளைஞர் தக்கலைக்காரர்; மேடைக்கு வந்து, எங்கள் பேச்சைவிடச் சுத்தமான குமரித் தமிழில் வணக்கம் சொன்னார். "கேன் சுமந்ததால் வடக்கன் ஆக்கிவிட்டீர்கள், அம்மா. பையைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லையே" என்று மூத்தவர் என்னைப் பார்த்துச் சொன்னார். வடக்கன் என்று சொன்னவள் நான் இல்லை என்றாலும், பையை நானும் பார்க்கவில்லை.

இந்தச் சோதனைக்குப் பிறகு அவர் பேசியதை எங்கள் வட்டாரத்தில் ஒவ்வொருவரும் கேட்க வேண்டும் என்பது என் எண்ணம். ஒருவருடைய உடையோ, மொழியோ, தாடியோ, நெற்றியில் இருப்பதோ இல்லாததோ தகவல் ஆகாது. ஒரே இடத்துக்குக் காரணமில்லாமல் திரும்பத் திரும்ப வருவது, வாசல்களையும் கேமராக்களையும் படமெடுப்பது, காவலர் எந்த நேரத்தில் மாறுகிறார் என்று விசாரிப்பது, ஊழியர்கள் மட்டும் போகும் இடத்துக்குள் நுழையப் பார்ப்பது, வைத்த பொருளை விட்டு வேகமாக விலகுவது ஆகியவையே தகவல். 2023 அக்டோபர் 29 அன்று களமசேரியில் யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவின் மாநாட்டில் குண்டுகள் வெடித்து, பின்னர் இறந்தவர்களையும் சேர்த்து எட்டு உயிர்கள் போயின. முதல் சில மணி நேரத்தில் சமூக ஊடகங்களில் பழி எந்தப் பக்கம் வீசப்பட்டது என்பது எல்லோருக்கும் நினைவிருக்கும். ஆனால், தானே அந்தச் சபையில் முன்பு இருந்தவன் என்று சொல்லிக்கொண்டு ஒருவர் கொடகரை காவல் நிலையத்தில் அன்றே சரணடைந்தார். வெறுப்புப் பதிவுகள் போட்டவர்கள்மீது கேரளக் காவல்துறை வழக்கும் பதிந்தது. 2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் பொய்யான காணொளிகள் பரவி, தொழிலாளர்கள் அஞ்சி ஊருக்குக் கிளம்பிய கதையையும் அவர் இதனோடு சேர்த்துச் சொன்னார். தவறான சந்தேகம் கெட்ட பெயரை மட்டும் உண்டாக்குவதில்லை. காவலர்களின் நேரத்தையும் தின்றுவிடும் என்று ஒரு காவல்துறைக்காரர் வாயிலிருந்து கேட்டதில் தனி எடை இருந்தது.

எங்கே குறை என்றால், இதே பாடத்தின் தொடர்ச்சியில்தான். அடுத்து வந்த இளையவர் கணினித் திரையில் படங்களைக் காட்டி, வீட்டில் அமிலக் கேன்களைச் சேர்த்து வைத்திருப்பவர்களைக் கண்டால் உடனே தெரிவிக்க வேண்டும் என்றார். மண்டபத்தில் பாதிப்பேர் ரப்பர் தோட்டம் வைத்திருப்பவர்கள். பாலை உறைய வைத்து ஷீட் அடிக்க ஆசிட் இல்லாமல் முடியாது. விளவங்கோடு பக்கத்தில் ஒட்டுப்பால் வாடையும் ஆசிட் கேனும் இல்லாத ரப்பர்க்காரர் வீட்டைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். "அப்ப என் வீட்டுக்காரரத்தான் மொதல்ல புடிச்சுக் குடுக்கணும்" என்று என் பக்கத்திலிருந்த அக்கா சொன்னது அவர் காதில் விழுந்ததா தெரியவில்லை. அதேபோல, வெளிமாநிலப் பதிவெண் கொண்ட வண்டி நெடுநேரம் நின்றால் கவனியுங்கள் என்றார். டி.என். 75-ம் கே.எல். 19-ம் கலந்தே நிற்கும் தெரு எங்களுடையது. எங்கோ ஒரு பெருநகரத்து வணிக வளாகத்துக்காகத் தயாரித்த படங்களை அப்படியே இங்கே ஓட்டியிருக்கிறார்கள் என்பது தெளிவாகவே தெரிந்தது. மூன்றாவது கேள்வியான 'இந்த இடத்துக்கு இது வழக்கமானதா' என்பதை மூத்தவர் எவ்வளவு அழகாக விளக்கினாரோ, அதை இளையவர் தம் படங்களுக்குப் பொருத்திப் பார்க்கவே இல்லை.

தகவல் சொல்லும் முறைக்கு ஒதுக்கிய அரைமணி நேரம் பயனுள்ளது. அவசர எண் 112 இரு மாநிலங்களுக்கும் பொதுவானது. ஆனால் எல்லையில் நம் செல்பேசி மறுபக்கக் கோபுரத்தைப் பிடித்திருந்தால் அழைப்பு அந்த மாநிலக் கட்டுப்பாட்டு அறைக்குப் போகக்கூடும் என்பதால், எடுத்த எடுப்பிலேயே மாநிலத்தையும் ஊரையும் அடையாளக் கட்டடத்தையும் சொல்லிவிட வேண்டும் என்று மூத்தவர் பழக்கினார். பிறகு பொருள் என்ன, எங்கே இருக்கிறது, எப்போது பார்த்தீர்கள், அருகில் யார் இருந்தார்கள், இப்போது நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்ற வரிசை. இருவர் இருவராக நின்று ஒருவர் காவலராகவும் மற்றவர் அழைப்பவராகவும் பேசிப் பார்த்தோம். "பயமா இருக்கு சார், சீக்கிரம் வாங்க" என்பதைத் தவிர வேறெதையும் சொல்லாமல் தொடர்பைத் துண்டித்தவர்களே முதல் சுற்றில் அதிகம். மூன்றாவது சுற்றில் பெரும்பாலோர் தேறினார்கள். மலையாளம் மட்டுமே தெரிந்த ஒருவர் அழைப்பை எடுத்தால் என்ன செய்வது என்பதைப் பற்றி எங்களுக்குக் கவலையில்லை. இந்த ஊரில் இரண்டையும் கலந்துதான் எல்லோரும் பேசுகிறோம்.

கையேட்டைப் பற்றி நல்லதாகச் சொல்ல அதிகம் இல்லை. எழுத்து மிகப் பொடி. தமிழ் மொழிபெயர்ப்புத் தமிழ். அதைவிட மோசம், ரயில் பயணிகள் பாதுகாப்புக்கு 182-ஐ அழைக்கும்படி அச்சிட்டிருக்கிறார்கள். அந்த எண் 2021-லேயே 139-உடன் இணைக்கப்பட்டுவிட்டது. குழித்துறையில் ரயிலேறும் பெண்கள் பலர் வகுப்பில் இருந்தார்கள். அவர்கள் கையில் பழைய எண்ணைக் கொடுத்து அனுப்புவதை அச்சுப் பிழை என்று விட்டுவிட முடியாது. நான் சுட்டிக்காட்டியதும் இளையவர் நன்றி சொல்லிக் குறித்துக்கொண்டார். அடுத்த பதிப்பில் திருத்தியிருக்கிறார்களா என்று பாருங்கள்.

வெடிப்பு நடந்த பிறகு என்ன செய்வது என்ற பகுதிக்கு இன்னும் நேரம் ஒதுக்கியிருக்க வேண்டும். எங்கள் ஊரில் வெடிச் சத்தத்துக்கு யாரும் அஞ்சுவதில்லை. கோவிலில் கதினா, தேவாலயத் திருவிழாவில் வாணவேடிக்கை என்று பழகிய காது. சத்தம் கேட்டால் எந்தப் பக்கம் என்று பார்க்கத்தான் ஓடுவோம். 1998 பிப்ரவரி 14 அன்று கோவையில் முதல் குண்டைத் தொடர்ந்து நகரின் பல இடங்களில் அடுத்தடுத்து வெடித்து 58 பேர் இறந்ததையும், குண்டு வெடித்த இடங்களில் அரசு மருத்துவமனை வளாகமும் ஒன்று என்பதையும் சொல்லி, முதல் சத்தத்தை நோக்கி ஓடுவது எவ்வளவு ஆபத்து என்பதை மூத்தவர் விளக்கினார். படமெடுத்துப் பகிராதீர்கள் என்பதற்கு மும்பையை எடுத்துக்கொண்டார். 2008 நவம்பர் தாக்குதலின்போது தொலைக்காட்சிகள் காவலர்களின் நகர்வை நேரலையில் காட்டியது உள்ளே இருந்த பயங்கரவாதிகளை இயக்கியவர்களுக்கு உதவியது. அதே இரவில் சத்ரபதி சிவாஜி ரயில் நிலையத்தில் அறிவிப்பாளர் விஷ்ணு ஜெண்டே தம் அறையை விட்டு வெளியேறாமல், எந்தப் பக்கம் போகக்கூடாது, எந்த வழியாக வெளியேற வேண்டும் என்று ஒலிபெருக்கியில் திரும்பத் திரும்பச் சொல்லிப் பல உயிர்களைக் காத்தார். எங்கள் பேருந்து நிலைய ஒலிபெருக்கியின் சாவி யாரிடம் இருக்கிறது என்ற கேள்வி அங்கேயே எழுந்தது. அதைத் தெரிந்துகொள்ள ஒருவரை நியமித்தோம்.

ஆனால் இரத்தம் பீறிடும் காயத்தை எப்படி அழுத்திப் பிடிப்பது, கண்ணாடிச் சில்லு ஏறியிருந்தால் பிடுங்கலாமா கூடாதா என்பது பற்றி ஒரு சொல்லும் இல்லை. நான் கேட்டதற்கு, அது வேறு வகுப்பு என்று பதில் வந்தது. ஆம்புலன்ஸ் வரும்வரை பக்கத்தில் நிற்கப்போகிறவர்கள் கடைக்காரர்களாகிய நாங்கள்தான் என்பதை நினைத்தால், இது சிறிய விடுபடல் அல்ல. தொலைபேசி மிரட்டலுக்குச் சொன்னவை போதுமானவை: துண்டிக்காமல் பேச வைப்பது, சொன்ன வார்த்தைகளை அப்படியே எழுதுவது, பின்னணிச் சத்தத்தைக் கவனிப்பது, எங்கே எப்போது என்று நேராகவே கேட்பது, புரளி என்று நாமாக முடிவுகட்டாதிருப்பது.

கடைசி நாற்பது நிமிடம் முழுவதும் கேமரா விற்பனை. நான்கு கேமராவும் பதிவுக் கருவியும் சேர்ந்த தொகுப்புக்கு அன்றே முன்பணம் கட்டினால் தள்ளுபடி என்றார்கள். வில்சன் வழக்கிலும் கேமராப் பதிவுகள் உதவின என்பதை நான் மறுக்கவில்லை. ஆனாலும் இரண்டு மணி நேரம் பயத்தைப் பற்றிப் பேசிவிட்டு, அது ஆறுவதற்குள் பில் புத்தகத்தை நீட்டுவது எனக்கு உவப்பாக இல்லை. பதினொரு பேர் முன்பணம் கட்டினார்கள். மூத்தவர் அந்த நேரத்தில் வெளியே நின்று சாயா குடித்துக்கொண்டிருந்தார். அவருக்கும் அது பிடித்ததாகத் தெரியவில்லை.

மொத்தத்தில், மூத்தவர் வருவார் என்றால் இந்த வகுப்பை ஏற்பாடு செய்யலாம். அவர் வரமாட்டார், இளையவரும் படங்களும் மட்டுமே என்றால் அந்தப் பணத்துக்கு உங்கள் காவல் நிலையத்தில் பேசி ஒருவரை அழைத்துக்கொள்வது நல்லது. பணம் கட்டுமுன் உங்கள் ஊரின் தொழில் என்ன, எல்லை எவ்வளவு தூரம், திருவிழா எப்போது என்பதையெல்லாம் எழுதிக் கொடுத்து, அதற்கேற்பப் பாடத்தை மாற்றச் சொல்லுங்கள். முப்பது பேருக்கு மேல் சேர்க்காதீர்கள்; பின்வரிசைக்கு ஒன்றும் கேட்கவில்லை.

வகுப்பு முடிந்து ஐந்து வாரமாகிறது. பையை வைத்துவிட்டுப் போகாதீர்கள் என்று தமிழிலும் மலையாளத்திலும் எழுதிக் கடை வாசலில் தொங்கவிட்டிருக்கிறேன். அதையும் மீறி வைப்பவர்களிடம் பெயரும் எண்ணும் கேட்டு, பையைத் திறந்து காட்டச் சொல்கிறேன். இருவர் கோபித்துக்கொண்டார்கள், மற்றவர்கள் காட்டிவிட்டார்கள். மின்மாற்றிக்கு அருகே நின்ற டெம்போ, பாறசாலையில் வழக்கில் சிக்கிய ஒருவருடையது என்று காவல் நிலையத்தில் கண்டுபிடித்து இழுத்துச் சென்றார்கள். உள்ளே பழைய மீன் பெட்டிகள்தான் இருந்தன. அடுத்த வகுப்பில் கேமரா விற்பனையை நீக்கி முதலுதவியைச் சேர்க்கும்படி சங்கத்திலிருந்து எழுதியிருந்தோம். விற்பனையைப் பத்து நிமிடமாகக் குறைப்பதாகப் பதில் வந்திருக்கிறது. முதலுதவிக்கு ஆளுக்கு 200 ரூபாய் தனியாகக் கேட்கிறார்கள்.